பிளாடர் காக்காவும் விழாத கோலும்

உலகத்தில் இருக்கிற கவலையில் பாதியைப் பிளாடர் காக்கா ஒருவரே பட்டுத் தீர்த்துவிட்டார். மீதியைத்தான் நீங்களும் நானும் பங்கு போட்டுக்கொண்டு, தூக்கம் வரவில்லை, பசி எடுக்கவில்லை என்று டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறோம்.

காக்கா என்றதும் கூரை மேல் தேடாதீர்கள். எங்கள் ராமநாதபுரம் கடற்கரை முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு கால்பந்து டீமின் பந்தைப் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். தோலுக்குள் இருக்கும் ரப்பர் பிளாடருக்குக் காற்றடிப்பது, கயிறு கட்டுவது, எண்ணெய் போடுவது, பிறகு அதற்கு என்ன ஆகுமோ என்று பயப்படுவது. கடைசி வேலைக்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே கடலோரமாக ஓர் உப்புக் கம்பெனி. அதன் முதலாளி இளவயதில் கொழும்பில் கடை வைத்திருந்தவர். அங்கிருந்து திரும்பும்போது பணத்தோடு கால்பந்துப் பைத்தியத்தையும் கொண்டுவந்துவிட்டார். ஜில்லா முழுக்க ஆள் விட்டுத் தேடி ஒரு டீம் சேர்த்தார். பேருக்கு உப்பளத்தில் வேலை, உண்மையில் பந்து உதைக்கத்தான் சம்பளம். காலையில் ஆஜர் கொடுத்து, உப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மைதானத்துக்குப் போய்விடலாம். அபிராமத்தில் கண்மாய்க்குள் பந்து உதைத்துக்கொண்டிருந்த எனக்கு இப்படி ஒரு வாழ்வு வரும் என்று யார் கண்டது? ஊரில் என் அய்யா, மகன் கம்பெனியில் ஆபீசர் என்று சொல்லிப் பெண் பார்க்கவே தொடங்கிவிட்டார்.

எங்களுக்கு இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. அது முதல் மேட்ச் வரைக்கும் இருந்தது.

பின்னால் நின்று தடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. குறை எல்லாம் முன்வரிசையில் ஆடிய எங்களிடம்தான். நடுவில் பாம்பன் அந்தோணி, அவனுக்கு இடப்பக்கம் நான், இன்னும் மூன்று பேர். மைதானத்தின் பாதியிலிருந்து பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி, கல்யாண ஊர்வலம் மாதிரி எதிராளி கோல் வரைக்கும் அழகாகக் கொண்டுபோவோம். ஜனங்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அங்கே போனதும் என்ன ஆகுமோ தெரியாது, எங்களில் ஒருவன் பந்தை மெள்ளத் தட்டி எதிராளி கோல்கீப்பர் கையில் கொடுத்துவிடுவான். சில கோல்கீப்பர்கள் எங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கோலுக்குப் பின்னால் கடல். மறு கோலுக்குப் பின்னால் உடைமரக் காடு, அதாவது விரல் நீள முள். கோலுக்கு வலை கிடையாது. நட்ட கம்பம் இரண்டு, மேலே ஒரு கழி, அவ்வளவுதான். ஆகவே கோல் விழுந்தால் பந்து ஒன்று கடலுக்குப் போகும், இல்லையென்றால் முள்ளுக்குப் போகும். மற்றவர்களுக்குக் கோல் என்பது சந்தோஷம். காக்காவுக்கு அது விபத்து.

முள்ளாவது பரவாயில்லை, ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். கடல்தான் அவருக்கு எமன். கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி இழுக்கும். தண்ணீரில் விழுந்த பந்தைத் துரத்திப் பிடிக்காவிட்டால் நேரே இலங்கைதான். அப்படி ஒரு பந்து ஒரு தடவை போயேவிட்டது. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து தோணி எது வந்தாலும் காக்கா போய் நிற்பார். "சரக்கெல்லாம் இருக்கட்டும் வாப்பா, வர்ற வழியில பந்து எதுவும் கண்ணுல பட்டுச்சா?" என்பார். அந்தக் காலத்தில் நல்ல பந்து கிடைப்பது குதிரைக்கொம்பு. இருந்தாலும் காணாமல் போன பிள்ளையைத் தேடுவது மாதிரி அவர் தேடியதைப் பார்த்து, தோணிக்காரர்கள் சிரிக்கவும் முடியாமல், "பாத்தா எடுத்தாரோம் காக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பந்தைத் தானே போய் எடுக்க அவரால் முடியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்க மாட்டார். ஒரு காலத்தில் அவரே தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர்தான். ஒரு புயலில் தோணி உடைந்தது. கூடப் போனவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. அவர் எப்படிக் கரை சேர்ந்தார் என்று கேட்டால், "பந்துக்குக் காத்து எறங்கியிருக்கும், பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போய்விடுவார். ரயிலில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது பந்தை மடியில் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். குடும்பம் என்று யாரும் இல்லை. மைதானத்து ஓரத்தில் பந்து வைக்கும் கொட்டகைதான் வீடு.

அந்தப் பந்துக்கு அவர் செய்த உபசாரத்தை மாப்பிள்ளைக்குக்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள். உப்புக்காற்றில் தோல் வெடிக்கக் கூடாது என்று தினமும் சுறா எண்ணெய் பூசுவார். பந்தைத் தலையால் முட்டினால் அந்த வாசனை குளித்தாலும் போகாது. டீமில் கல்யாணமானவர்கள் வீட்டில் பட்ட பாடு தனிக் கதை. ரயிலில் போனால் பந்துக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து, வெயில் பட்டால் துண்டைப் போட்டு மூடுவார். எதிரில் உட்கார்ந்த ஓர் அம்மாள், துண்டுக்குள் இருப்பது குழந்தை என்று நினைத்து, "பால் குடிச்சிருச்சா?" என்று கேட்டாள். "காத்து அடிச்சாச்சும்மா" என்றார் காக்கா.

நாங்கள் ஆடும்போது அவர் நிற்கும் இடம் எது என்றால், நாங்கள் தாக்கப் போகும் கோலுக்குப் பின்னால். உள்ளூர் மேட்ச் என்றாலும் வெளியூர் என்றாலும் அங்கேதான். யாராவது பந்தோடு கோலை நெருங்கிவிட்டால் போதும், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பதறிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பைய... பையலே... ஏலே அபிராமம், பாத்து. பைய."

பைய என்றால் மெதுவாக. அபிராமம் என்றால் நான். தினமும் காலையும் மாலையும் பயிற்சியிலும் அதே குரல்தான். மழை சத்தம் மாதிரி அது எங்களுக்குப் பழகிவிட்டது. கேட்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

டீம் தோற்கத் தோற்க, எல்லாரையும்விட அதிகமாக இளைத்தவர் காக்காதான். இந்தப் பசங்களுக்கு ஏன் கோல் விழவில்லை என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவர் இறங்கினார். முதலில் பூட்ஸின் மேல் சந்தேகப்பட்டார். "மணல்ல ஓடுன காலுலே. அதுக்குள்ள பூட்டி வச்சா கோவிச்சுக்கிராதா?" என்று எங்களை வெறுங்காலோடு ஆட வைத்தார். ராமநாதபுரத்தில் எதிராளிகள் பூட்ஸோடு எங்கள் கால்மேல் நடந்து போனார்கள். அடுத்தது சாப்பாடு. ஆட்டத்துக்கு முந்தின நாள் கருவாடு கூடாது என்றார். அந்தோணி சோற்றுத் தட்டைப் பார்த்துக் கண்கலங்கினான். அதற்கடுத்து ஆண்டவன். ஏர்வாடி தர்காவில் ஓதி வாங்கிய கயிறு, அந்தோணி ஊர் மாதா கோயில் மெழுகுவர்த்தி, ராமேஸ்வரத்துத் தீர்த்தம் எல்லாம் எங்களுக்கு வந்து சேர்ந்தன. தீர்த்தத்தில் அவர் பந்துக்கும் ஒரு சொட்டுத் தெளித்தார், உடனே துடைத்தும் விட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகப் பேசினார்.

"இங்க பாருங்கப்பா. ஜெயிச்சுட்டு வாங்கன்னு நான் கேக்கல. ஒரே ஒரு கோலு. மதுரை மில்லுக்காரங்களோட ரெண்டு ஆட்டம் இருக்கு, அங்க ஒண்ணு, இங்கன ஒண்ணு. அதுக்குள்ள ஒரு கோலு விழுகலைன்னா டீமைக் கலைச்சுருவேன். உப்பு அள்ளுறவன் இருக்கலாம், மத்தவன் ஊருக்குப் போயிரலாம்."

எனக்கு அய்யா முகம் ஞாபகம் வந்தது. பெண் வீட்டார் ஆபீசரைப் பார்க்க வரும்போது மாப்பிள்ளை தலையில் உப்புக்கூடை இருக்கும். காக்காவுக்கோ போக ஊரே இல்லை. டீம் போனால் கொட்டகையும் போகும், பந்தும் போகும். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். 

"ஏலே அபிராமம், எங்கனயோ ஒரு தப்பு இருக்குலே. என் கண்ணுக்குத்தான் தட்டுப்பட மாட்டேங்குது" என்றார்.

மதுரை ஆட்டத்துக்குக் கிளம்பும்போது அவருக்குக் கடுமையான காய்ச்சல். கொட்டகையிலேயே படுத்துவிட்டார். பந்தை என்னிடம் ஒப்படைக்கும்போது, பிரசவத்துக்கு அனுப்புகிற மாதிரி அழுதார்.

மதுரையில் கடல் இல்லை, முள் இல்லை. கோலுக்குப் புத்தம் புது வலை. ஆட்டம் முடிகிற நேரத்தில் அந்தோணிக்குப் பந்து கிடைத்தது. கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்கிறான், எதிரில் வெறும் கோல். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தோணி காலை ஓங்கினான். ஓங்கின கால் அப்படியே தயங்கியது. பூனைக்குட்டியைத் தள்ளுகிற மாதிரி பந்தைத் தொட்டான். அது உருண்டு போய், படுத்திருந்த கோல்கீப்பரின் விலாவில் சாய்ந்து நின்றது.

ராத்திரி ரயிலில் திரும்பினோம். மானாமதுரை தாண்டியதும் அந்தோணி என் பக்கம் குனிந்தான்.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. கோலுகிட்டப் போனதும் காதுக்குள்ள 'பைய'ன்னு கேக்குது."

"காக்காதான் வரலையே."

"அதான் சொல்றேன். அவரு ஊருல படுத்துக் கெடக்காரு, எனக்கு இங்கன கேக்குது. கால் தன்னால நின்னு போகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முன்வரிசையில் மற்ற மூன்று பேரையும் கேட்டோம். மூன்று பேரும் ஜன்னல் வழியாக இருட்டைப் பார்த்தார்கள். தப்பு எங்கே என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தவர் குரலிலேயே அது உட்கார்ந்திருந்தது. இதை அவரிடம் யார் சொல்வது?

அந்தோணி என்னைச் சொல்லச் சொன்னான். நான் கேப்டனைச் சொல்லச் சொன்னேன். கேப்டனுக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. காக்கா காய்ச்சலோடு எழுந்து வந்து பந்தை வாங்கித் தடவிப் பார்த்தார். மதுரை வலை நூலில் எங்காவது உரசியதா என்று விசாரித்தார். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கச்சான் பேய் மாதிரி அடித்தது. காக்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு கடல் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் வந்து நின்றார். அந்தோணி பந்தோடு போனான். நானும் மற்றவர்களும் கூட ஓடினோம்.

"பைய... பையலே" என்றார் காக்கா.

அந்தோணி நின்றான். நாங்களும் நின்றோம். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. கயிறு போட்டுப் பிடித்த மாடுகள் மாதிரி ஐந்து பேரும் ஒரே சமயத்தில் அசையாமல் நின்றோம். காக்கா ஒவ்வொருவராக எங்கள் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நீட்டியிருந்த கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

"நானாலே?" என்றார்.

அந்தோணிக்குப் பொய் வராது. "இல்ல காக்கா" என்று ஆரம்பித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா காக்கா" என்றான்.

காக்கா போர்வையைச் சரிசெய்துகொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்போம். அவர் நடந்து போன விதம் எங்களை அறுத்தது.

மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஜனம். கொட்டகையில் பந்து மட்டும் இருந்தது. எண்ணெய் பூசி, கயிறு இறுக்கிக் கட்டி, துண்டின் மேல் வைத்திருந்தது. காக்காவைக் காணோம். கேட்டவர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள்.

இனி குரல் இல்லை, ஓங்கி அடிக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முதல் பாதியில் முள்காட்டுப் பக்கம் தாக்கினோம். கோலை நெருங்கும்போதெல்லாம் எங்கள் கண் பந்தில் இல்லை, கோலுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் இருந்தது. அவர் அங்கே இல்லாதது, இருப்பதைவிட மோசமாக இருந்தது. மதுரைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளையில் அந்தோணி தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

"அந்த மனுசன் எங்கன போயிருப்பாரு? காய்ச்சலோட எதையாவது பண்ணிக்கிட்டாருன்னா?" என்றான். அதே பயம்தான் எனக்கும். முதலாளி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் கடல் பக்கத்துக் கோலை நோக்கித் தாக்க வேண்டும். மதுரைக்காரர்கள் இன்னொரு கோலும் போட்டுவிட்டார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பந்தை அந்தோணிக்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். கோல் கம்பத்துக்கு நடுவே கடல் தெரிந்தது. கடலில் ஒரு வத்தை, மீன்பிடிக்கப் போகிற சின்னப் படகு, தூக்கித் தூக்கிப் போட்டபடி நின்றது. அதில் ஒரு மனிதர். ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை எங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றார். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத மனிதர். 

காற்று கடலை நோக்கி அடித்ததால் அவர் குரல் பாதிதான் வந்தது.

"அடிலே... ஓங்கி அடி. நான் இங்கன இருக்கேன்."

அந்தோணி அடித்தான். அவன் அதுவரைக்கும் சேர்த்துவைத்திருந்த அடி எல்லாம் அந்த ஒரே அடியில் போனது. கோல்கீப்பர் கையைத் தூக்கவே இல்லை, தலையைக் குனிந்துகொண்டான். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே பறந்தது, கரையைத் தாண்டியது, வத்தைக்கு மேலேயும் தாண்டியது. கச்சான் அதை ஏந்திக்கொண்டு போய் வெகு தூரத்தில் போட்டது.

மைதானம் இரண்டுபட்டது. முதலாளி தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசினார், அதையும் காற்று கொண்டுபோனது. அந்தக் கும்பலுக்குள் நசுங்கிக்கொண்டே நான் கடலைப் பார்த்தேன். காக்கா எங்களைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, பந்து போன திசையில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

மதுரைக்காரர்கள் கொண்டுவந்த பந்தை வைத்து மீதி ஆட்டத்தை முடித்தார்கள். நாங்கள் தோற்றோம். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. டீம் மொத்தமும் கரையில் நின்றது. வத்தை ஒரு புள்ளியாகி, பிறகு அந்தப் புள்ளியும் இல்லாமல் போயிற்று. வெயில் சாய்ந்தது. அந்தோணி தண்ணீருக்குள் இடுப்பளவு போவான், திரும்புவான். முதலாளி மணலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"டீம் கெடக்கட்டும்ப்பா. டீம் எங்கயும் போகல. அந்த மனுசன் கரைக்கு வரட்டும், யா அல்லா" என்றார்.

"இந்தக் காத்துக்கு எதுத்துத் துடுப்புப் போட முடியாது முதலாளி, நான் போறேன்" என்று அந்தோணி வேறொரு வத்தையைத் தள்ள ஆரம்பித்தான். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் நானும் ஏறப் போனேன். அப்போதுதான் கரையோரமாக, வெகு தூரத்தில், சுற்றி வளைத்துக்கொண்டு ஒரு படகு வருவது தெரிந்தது.

காக்கா வந்து சேர்ந்தபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. உடம்பெல்லாம் உப்பு. பந்து கைலிக்குள் முடிச்சுப் போட்டு வயிற்றோடு கட்டியிருந்தது. எங்கள் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கோலாலே?" என்றார்.

"பாக்கலையா காக்கா? உங்களுக்கு நேரேதான போச்சு" என்றேன் நான்.

"நான் பந்தைல்ல பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்தோணியும் நானும் அவரைத் தோளில் தூக்கினோம். மற்றவர்கள் காலைத் தாங்கினார்கள். கரையில் ஒரே கூச்சல். காக்கா கட்டிய கைலிக்கு மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பழைய குரலில், "பைய... பையலே, நசுங்கிரும்" என்றார்.

அவர் சொன்னது பந்துக்காக. அன்றைக்கும் அவர் பேச்சைக் கேட்டோம். கொட்டகை வரைக்கும் அவரைப் பையத்தான் கொண்டுபோனோம்.